சரக்கு ரயில் எங்கே நிற்கிறது? வடசென்னைப் பாதைக்கு முன்னுள்ள வழிகள்: ஓர் ஒப்பீடு

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் வழித்தடத்தில் ஒரு ரயில்வே கேட். மாலை ஆறரை மணி இருக்கும். நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று கேட்டின் குறுக்கே நின்றுவிட்டது. எஞ்சின் முன்னால் எங்கோ சிவப்பு விளக்குக்குக் காத்திருந்தது. கார்டு பெட்டி பின்னால் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்த ஒரு பெண், சீருடையில் இருந்த மகனின் புத்தகப் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். இரண்டு வேகன்களுக்கு நடுவே, கப்ளிங்குக்குக் கீழே அவனை முதலில் குனிந்து போகச் சொல்லிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் நுழைந்தார். அவர் மறுபக்கம் நிமிர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, வண்டி அசைந்தது. கப்ளிங்குகள் ஒவ்வொன்றாக இழுபடும் ஓசை முன்னிருந்து பின்னோக்கி ஓடி வந்து எங்களைக் கடந்து போயிற்று.

புறநகர் மின்சார ரயில்களும் சரக்கு ரயில்களும் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரே தண்டவாளத்தைப் பகிர்ந்துகொள்வது பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேட்டுதான் நினைவுக்கு வருகிறது. நேரத்தைப் பிரித்துக்கொள்வது, இருக்கும் பாதையைச் செம்மைப்படுத்துவது, அதே தடத்தில் கூடுதல் பாதைகள் போடுவது, சரக்குக்கென ஊருக்கு வெளியே தனிப் பாதை அமைப்பது என்று நான்கு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. இவற்றைப் பெரும்பாலும் செலவையும் ரயில்களின் எண்ணிக்கையையும் வைத்தே ஒப்பிடுகிறார்கள். சரக்கு ரயில் எங்கே நிற்க நேர்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்ற அளவுகோலையும் அவற்றோடு சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படிச் சேர்த்தால் விடை ஓரளவு மாறுகிறது.

முதலில் இந்தத் தடத்தைப் பற்றிச் சில செய்திகள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அன்று ஆளும் சரக்கும் ஒரே பாதையில்தான் போயின. போக்குவரத்து குறைவாக இருந்ததால் அது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. ராயபுரத்துக்கு வடக்கே இன்றிருக்கும் கும்மிடிப்பூண்டி தடம் சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ 48 கி.மீ. நீளமுள்ளது. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டியே வருகின்றன. கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் எண்ணெய்க் கிடங்குகளும் சரக்கு யார்டும் இருக்கின்றன; சற்று மேற்கே மணலி சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அத்திப்பட்டையொட்டி வடசென்னை அனல் மின் நிலையமும், 2001இல் செயல்படத் தொடங்கிய காமராஜர் துறைமுகமும் இருக்கின்றன. 2011இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி நிலக்கரி சென்னைத் துறைமுகத்தை விட்டு எண்ணூருக்கு மாறியது. ராயபுரத்து வீடுகளில் படிந்த கரித்தூசி அதனால் குறைந்தது. அதே வேளையில், நிலக்கரி ரயில்கள் புறப்படும் இடம் புறநகர் ரயில் தடத்தின் நடுப்பகுதிக்கு வந்து சேர்ந்தது.

மேட்டூர் அனல் மின் நிலையம் போன்ற உள்நாட்டு நிலையங்களுக்குப் போகும் நிலக்கரி அத்திப்பட்டிலிருந்து தெற்கே இறங்கி, எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை வழியாகக் கொருக்குப்பேட்டை வந்து, வியாசர்பாடிப் பக்கம் திரும்பி, அரக்கோணம் நோக்கிப் போக வேண்டும். தடத்தின் மிக நெருக்கமான குடியிருப்புகள் அனைத்தையும் அது தொட்டுக்கொண்டு போகிறது. வடக்கே, அத்திப்பட்டுக்கு அப்பால், நிலைமை வேறு விதமானது. அங்கே விஜயவாடா, கொல்கத்தா, டெல்லி விரைவு ரயில்களும், புறநகர் ரயில்களும், சரக்கு ரயில்களும் இரண்டே பாதைகளில் ஓடிவருகின்றன. ஒரே தடம் என்று பொதுவாகச் சொன்னாலும் இவை இரண்டு வெவ்வேறு சிக்கல்கள். இரண்டுக்கும் ஒரே மருந்து போதாது என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

பகிர்வு ஏன் கடினம் என்பதை எண்களில் பார்ப்பது எளிது. நிலக்கரி ரேக் (ஒரு முழு ரயிலின் வேகன் தொகுதி) ஒன்றில் 58 வேகன்கள் இருந்தால், ஓர் அச்சுக்கு 22.9 டன் என்ற கணக்கில் ஒரு வேகன் 91.6 டன், மொத்தம் ஐயாயிரம் டன்னுக்கு மேல். நீளம் ஏறத்தாழ 700 மீட்டர். மின்சார ரயில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று, சட்டென்று வேகமெடுத்து, மறுபடியும் நிற்கும் இயல்புடையது. சரக்கு ரயிலோ ஒருமுறை நின்றால் மீண்டும் வேகமெடுக்க நெடுநேரம் பிடிக்கும். அது மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு கேட்டை 50 வினாடியில் கடந்துவிடும். நின்று புறப்பட்டு 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் அதே கேட்டுக்கு மூன்று நிமிடம் வேண்டும். நின்ற நேரம் தனி. ஆகவே, முன்னால் போகும் மின்சார ரயிலுக்காகச் சரக்கு ரயில் நிறுத்தப்படுவதும், அப்படி நின்ற சரக்கு ரயில் ஊர்ந்து வெளியேறுவதற்காகப் பின்னால் வரும் மின்சார ரயில்கள் காத்திருப்பதும் ஒரு சுழல்போல் தொடர்கின்றன.

வீட்டுக்காரர்களின் பார்வையிலும் ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டியே அதிகத் தொல்லை தருகிறது. ஓடும் ரயிலின் ஓசை உயர்ந்து, தேய்ந்து, முடிந்துவிடும். நிற்கும்போது பிரேக்கின் கிறீச்சொலி, காற்று வெளியேறும் சீறல், புறப்படும்போது கப்ளிங் இழுபடும் இடி, ஹாரன் என்று பத்துப் பதினைந்து நிமிடத்துக்குத் தூக்கம் போய்விடுகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்குப் பிறகு 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. தண்டவாளத்தை ஒட்டிய ஒரு வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படிப்பவருக்கு அது வேறோர் ஊருக்கான விதியாகத்தான் தோன்றும்.

உயிரிழப்பு என்ற கோணத்திலும் இதே உண்மைதான் தெரிகிறது. 2023ஆம் ஆண்டு ஜூன் 2 அன்று சென்னை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாலசோர் அருகே பஹனகா பஜார் நிலையத்தில் லூப் லைனுக்குள், அதாவது ரயில்கள் ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதைக்குள், புகுந்து, அங்கே நின்றிருந்த இரும்புத் தாது ரயிலின் மீது மோதியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024ஆம் ஆண்டு அக்டோபர் 11 இரவு, நம் தடத்திலேயே, கவரைப்பேட்டையில் மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் மெயின் லைனுக்கான சிக்னலைப் பெற்றும் ஏறத்தாழ 75 கி.மீ. வேகத்தில் லூப் லைனுக்குள் போய், நின்றிருந்த சரக்கு ரயிலில் இடித்தது. பெட்டிகள் கவிழ்ந்தும் யாரும் இறக்கவில்லை என்பதை இன்று நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. இரண்டு விபத்துகளுக்கும் காரணங்கள் வேறு. ஆனால் இரண்டிலும் ஒரு பயணிகள் ரயிலுக்கு வழிவிட்டு, நிலையத்தின் நடுவே ஒரு சரக்கு ரயில் ஒதுங்கி நின்றிருந்தது. அந்த ஒதுங்கல் பகிர்வின் நேரடி விளைவு.

இனி வழிகளுக்கு வருவோம். நேரத்தைப் பிரித்துக்கொள்வது மிக மலிவான வழி. பகலில் ஆட்கள், இரவில் சரக்கு என்ற இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. 1981இல் தொடங்கிய சான் டியேகோ டிராலி, பழைய சரக்குத் தடத்திலேயே ஓடுகிறது. சரக்கு ரயில்கள் இரவில் வருகின்றன. நியூ ஜெர்சியில் கேம்டனையும் டிரென்டனையும் இணைக்கும் ரிவர் லைன் 2004இல் இதே முறையில் தொடங்கியது. புதிய தண்டவாளத்துக்கு நிலம் தேடாமலே அந்த ஊர்களுக்குப் பயணிகள் சேவை கிடைத்தது. ஆனால் சரக்குக்கு இடம் விட வேண்டியிருந்ததால் வார நாட்களில் இரவு பத்து மணியளவில் பயணிகள் சேவையை முடித்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. இரவுப் பணி முடித்துத் திரும்புபவர்களுக்கு அந்த ரயில் பயன்படவில்லை.

நம் தடத்தில் இந்த வழி எப்படியிருக்கும்? புறநகர் ரயில்கள் நள்ளிரவு வரை ஓடி, விடியற்காலை நான்கு மணியளவில் மீண்டும் தொடங்குகின்றன. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் ஷிப்ட் தொழிலாளர்களுக்கும், பொன்னேரிப் பக்கத்திலிருந்து மீன் கூடையுடன் நகரத்துக்கு வரும் பெண்களுக்கும் அந்த முதல் ரயில்களும் கடைசி ரயில்களுமே உயிர்நாடி. மிஞ்சும் நான்கு மணி நேரத்தில் தண்டவாளப் பராமரிப்புக்கு இரண்டு மணி நேரம் விட்டால், சரக்குக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். இருபத்துநான்கு மணி நேரமும் கப்பல் இறக்கும் ஒரு துறைமுகத்துக்கு அது எந்த மூலைக்கு? போதாக்குறைக்கு, எல்லாச் சரக்கு ரயில்களையும் வீட்டார் உறங்கும் நேரத்துக்குள் அடைப்பதும் ஆகிவிடும். பயணிக்குக் கிடைக்கும் ஆறுதலுக்கான விலையைத் தண்டவாளத்தோரம் குடியிருப்பவர் கொடுக்கிறார். பல வீடுகளில் அந்த இருவரும் ஒருவரே.

எனினும் இதன் ஒரு சிறிய வடிவத்தை நான் உறுதியாக ஆதரிக்கிறேன். காலையிலும் மாலையிலும் நெரிசல் மிகுந்த மூன்று மூன்று மணி நேரங்களில், மின்சார ரயில்கள் ஓடும் பாதைகளில் சரக்கு ரயிலை விடாமல் இருக்கலாம். அந்த நேரத்தில் அவை துறைமுக யார்டிலேயே, அதாவது வீடுகளில்லாத இடத்தில், காத்திருக்க வேண்டும் என்பதே இங்கு முக்கியமான நிபந்தனை. அந்த நிபந்தனையில்லாமல் தடையை மட்டும் விதித்தால், அவை திருவொற்றியூருக்கும் தண்டையார்பேட்டைக்கும் இடையே வரிசையாக நிற்கும்; நாம் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவோம். தெளிவான வழி கிடைக்கும் என்று உறுதியான பிறகே யார்டிலிருந்து ரேக்கை விடுவது என்பது கட்டுப்பாட்டு அறையின் ஒழுங்கு சார்ந்தது. அதற்கு ஒரு செங்கல்கூட வாங்க வேண்டியதில்லை.

இருக்கும் பாதையைச் செம்மைப்படுத்துவது இரண்டாவது வழி. இதில் பாதுகாப்பும் ஒலியும் அடங்கும். பாதுகாப்பைப் பொறுத்தவரை, 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 12 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் அருகே சாட்ஸ்வொர்த் என்ற இடத்தில் நடந்ததை மறக்க முடியாது. பயணிகள் ரயிலின் ஓட்டுநர் கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே சிவப்பு சிக்னலைத் தாண்டிப்போக, ஒற்றைப் பாதையில் எதிரே வந்த சரக்கு ரயிலுடன் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தனர். அதே ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், ரயில் தானாகவே நிற்கும் கருவியைப் பயணிகள் தடங்களில் கட்டாயமாக்கியது. அது முழுமையாக நிறைவேற 2020ஆம் ஆண்டு முடிவு வரை ஆயிற்று. நம் நாட்டின் ‘கவச்’ அந்த வகையைச் சேர்ந்தது. சரக்கும் ஆளும் கலந்து ஓடும் தடங்களில் அது முதலில் வர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சிவப்பு விளக்கை மீறுவதைத் தடுக்க அதற்குத் தெரியும். சிக்னல் பச்சையாக இருந்து பாயிண்ட் (தண்டவாளம் பிரியும் இடம்) வேறு திசையில் இருக்கும் நிலைக்கு, அவ்விரண்டையும் ஒன்றோடொன்று பிணைக்கும் இன்டர்லாக்கிங்கின் ஒழுங்கும் அதைப் பராமரிப்பவர்களின் கட்டுப்பாடும்தான் காவல். பாலசோரில் தவறியது அந்த ஒழுங்கு.

ஒலிக்கு ஜெர்மனி நல்ல பாடம் தருகிறது. ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றுக்கும் மலைக்கும் இடையே நெருங்கிய ஊர்களின் நடுவே இரவெல்லாம் சரக்கு ரயில்கள் ஓடுகின்றன. அவற்றின் இரைச்சலுக்கு முக்கியக் காரணம், வார்ப்பிரும்பு பிரேக் கட்டை சக்கரத்தின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவதுதான். கலவைப் பொருளாலான கட்டைக்கு மாறினால் சக்கரம் வழவழப்பாகவே இருக்கும். ஒலி ஏறத்தாழ 10 டெசிபல் குறையும், காதுக்கு அது பாதியாகத் தெரியும். 2020 டிசம்பர் முதல் பழைய கட்டையுள்ள வேகன்கள் அந்நாட்டில் ஓடத் தடை விதிக்கப்பட்டது. வீட்டுக்கு முன்னால் சுவர் கட்டுவதைவிட ஓசையை அது பிறக்கும் இடத்திலேயே குறைப்பது நல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. சுவர் தன் பின்னால் இருக்கும் தரைத்தள வீட்டைக் காப்பாற்றும். மாடி வீட்டுக்கு அதனால் பெரிய பயனில்லை. நம் தடத்தில் ஒரு பக்கம் தட்டையாகிப்போன சக்கரம் ஒன்று ‘தட், தட்’ என்று அடித்துக்கொண்டு போவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு சக்கரத்தின் ஓசை மொத்த ரேக்கையும் விஞ்சும். அத்தகைய வேகன்களைக் கண்டறியும் கருவிகள் இருக்கின்றன. குடியிருப்புக்குள் நுழையுமுன் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். நிலக்கரி வேகன்களைத் தார்ப்பாய் போட்டு மூடுவதும், கேட்டுகளுக்குப் பதிலாக மேம்பாலமோ சுரங்கப்பாதையோ கட்டுவதும் இதே பட்டியலில் சேரும். கேட்டு போனால் கேட்டுக்காக அடிக்கும் ஹாரனும் போகும். கப்ளிங்குக்கு அடியில் குனிந்து போகும் அந்தத் தாய்க்கும் மகனுக்கும் வேறு வழி கிடைக்கும். ஆனால் சுரங்கப்பாதை மழையில் குளமாகிவிட்டால் மக்கள் மறுபடியும் தண்டவாளத்துக்கே வருவார்கள் என்பதையும் வடசென்னையில் சொல்லியாக வேண்டும்.

செம்மைப்படுத்தலின் குறை என்னவென்றால், அது தொல்லையைக் குறைக்கிறதே தவிர, சரக்கு ரயில் நிற்க வேண்டிய காரணத்தைத் தொடுவதில்லை. பாதை போதாமை அப்படியே இருக்கிறது.

அதற்கான நேர்வழி, மூன்றாவதும் நான்காவதுமான பாதைகள். கொருக்குப்பேட்டைக்கும் அத்திப்பட்டுக்கும் இடையே இரண்டுக்கு மேற்பட்ட பாதைகள் ஏற்கெனவே உள்ளன. அத்திப்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை இதுவரை ஓடுவது இரண்டில்தான். நந்தியம்பாக்கம், மீஞ்சூர், பொன்னேரிப் பயணிகள் ஆண்டுக்கணக்கில் கூடுதல் பாதை கேட்டு வருகிறார்கள். இந்த வடபகுதியில் கூடுதல் பாதையை விடச் சிறந்த வழி இல்லை என்றே நினைக்கிறேன். விரைவு ரயிலும் சரக்கும் ஒரு ஜோடிப் பாதையிலும், நின்று நின்று போகும் மின்சார ரயில் இன்னொரு ஜோடியிலும் ஓடினால், ஒன்றுக்காக இன்னொன்றை லூப் லைனில் ஒதுக்க வேண்டிய தேவை வெகுவாகக் குறையும். மும்பையில் தாணேக்கும் திவாவுக்கும் இடையே ஐந்தாவது, ஆறாவது பாதைகள் 2022இல் திறக்கப்பட்டபோது எதிர்பார்க்கப்பட்டதும் இதுதான்: வெளியூர் ரயில்களையும் உள்ளூர் ரயில்களையும் பிரிப்பது. இப்பகுதியில் தண்டவாளத்தின் இருபுறமும் இன்னும் ஓரளவு இடம் இருக்கிறது. பத்தாண்டு கழித்து அந்த இடத்திலும் வீடுகள் எழுந்துவிடும். அப்போது இதே பாதைக்கு இரட்டிப்பு விலையும் இரட்டிப்புக் கண்ணீரும் தேவைப்படும்.

ஆனால் இதே மருந்தைத் தென்பகுதிக்கும் நீட்டலாமா? அங்கே நான் தயங்குகிறேன். திருவொற்றியூரிலிருந்து கொருக்குப்பேட்டை வரை தண்டவாள வேலிக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே ஒரு சைக்கிள் போகும் இடம்தான் பல இடங்களில் இருக்கிறது. இன்னொரு பாதை என்றால் அந்த வீடுகள் போக வேண்டும். போகாத வீடுகளுக்குத் தண்டவாளம் இன்னும் நெருங்கி வரும். அவ்வளவும் செய்த பிறகும் கொருக்குப்பேட்டையில் பாதைகள் பிரியும் இடத்தில் ஒரு ரயிலின் வழியை இன்னொன்று குறுக்கே வெட்டுவது தீராது. நான்கு பாதைகளில் சீராக வந்த ரயில்கள் அந்த ஒரு முடிச்சில் காத்திருக்கும், அதுவும் நகரின் மிக நெருக்கமான குடியிருப்புகளுக்கு நடுவே. பாதைகளை மட்டும் பெருக்கி முடிச்சை அவிழ்க்காமல் விடுவது, அகலமான வாய்க்காலைக் குறுகலான மதகில் கொண்டுபோய் முடிப்பது போன்றது.

பயணிகளில் ஒரு பகுதியினரை வேறு தடத்துக்கு மாற்றலாம் என்ற யோசனையும் உண்டு. 2021இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. திருவொற்றியூர்க்காரர்களுக்கு அது பெரும் உதவி. ஆனால் அது எண்ணூருக்கு முன்பே முடிந்துவிடுகிறது. மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் இருப்பவர்களுக்கு மின்சார ரயிலை விட்டால் வேறு கதியில்லை.

ஆகவே நான்காவது வழி, ஊரைச் சுற்றிப்போகும் சரக்குப் பாதை. இது கற்பனையான யோசனை அல்ல. அத்திப்பட்டிலிருந்து பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வட்டாரம் வழியாக ஆந்திரத்தின் புத்தூருக்கு 88.3 கி.மீ. நீளத்தில் புதிய பாதை ஒன்று 2008–09 ரயில்வே நிதிநிலை அறிக்கையிலேயே இடம்பெற்றது. அது அமைந்தால் எண்ணூரிலிருந்து புறப்படும் நிலக்கரி ரயில் திருவொற்றியூரையும் வியாசர்பாடியையும் ஆவடியையும் தொடாமல், புத்தூரில் ரேணிகுண்டா–அரக்கோணம் தடத்தில் ஏறிவிடும். பட்டியலில் ஏறிய அந்தப் பாதை நிலத்தில் இன்னும் இறங்கவில்லை.

2025ஆம் ஆண்டு ஜூலை 13 விடியற்காலையில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிய சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பற்றியபோது இந்தப் பாதையின் தேவை எனக்கு இன்னும் கூர்மையாகப் புரிந்தது. 52 டேங்கர்களில் 18 எரிந்தன. கரும்புகை வானத்தை மூட, அருகிலிருந்த வீடுகளிலிருந்து மக்களையும் சமையல் எரிவாயு உருளைகளையும் வெளியேற்றினார்கள். சென்னை–அரக்கோணம் தடத்தில் ரயில்கள் நின்றுபோயின. அந்த ரயில் எண்ணூர்ப் பக்கமிருந்து புறப்பட்டு நகரத்தின் வயிற்றுப் பகுதியைக் கடந்துதான் திருவள்ளூருக்கு வந்திருந்தது. வேலிக்கும் சுவருக்கும் இடையே ஒரு சைக்கிள் போகும் இடம்தான் என்று சொன்னேனே, அங்கே இது நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எழுதக் கை நடுங்குகிறது.

சரக்குக்கென்ற தனிப் பாதைக்கு உலகில் இரண்டு பெரிய எடுத்துக்காட்டுகள் உள்ளன; இரண்டும் நமக்கு நேரடியாகப் பொருந்துகின்றன. லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களிலிருந்து நகர மையத்துக்கு அருகே உள்ள பெருந்தடங்கள் வரை 32 கி.மீ. நீளமுள்ள அலமீடா தடம் 2002இல் திறக்கப்பட்டது. அதில் பாதித் தொலைவு, 16 கி.மீ., தரைமட்டத்துக்குக் கீழே வெட்டிய அகழியில் போகிறது. சுமார் 200 கேட்டுகள் ஒரே திட்டத்தில் நீங்கின. செலவு 240 கோடி டாலர். அதற்கு வாங்கிய கடனை அடைக்க, அந்த வழியாகப் போகும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் கட்டணம் வசூலிக்கப்பட்டது. சரக்கின் இலாபத்தை அனுபவிப்பவரே அதன் இடைஞ்சலைக் குறைப்பதற்கும் கொடுக்கும் இந்த ஏற்பாடு நியாயமானது. எண்ணூரில் இறங்கும் ஒவ்வொரு டன் நிலக்கரியின் மீதும் ஒரு சிறு தொகை இதற்கென ஒதுக்கப்பட்டிருந்தால், புத்தூர்ப் பாதை ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீட்டை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டியிருக்காது.

நெதர்லாந்தின் பெடூவ தடம் எச்சரிக்கை தரும் எடுத்துக்காட்டு. ராட்டர்டாம் துறைமுகத்திலிருந்து ஜெர்மன் எல்லை வரை 160 கி.மீ. நீளத்துக்குச் சரக்குக்கென்றே கட்டப்பட்டு 2007இல் திறக்கப்பட்டது. ஆனால் எல்லைக்கு அப்பால் ஜெர்மனிப் பகுதியில் அமைய வேண்டிய மூன்றாவது பாதை பல ஆண்டுகள் தாமதமானது. புத்தம்புதிய தடத்தில் வேகமாக வந்த சரக்கு ரயில்கள் எல்லையைத் தாண்டியதும் பயணிகள் ரயில்களுடன் பழையபடி இடம் தேட வேண்டியிருந்தது. புத்தூரில் போய்ச் சேரும் நம் பாதைக்கும் இந்த ஆபத்து உண்டு. அங்கிருந்து திருத்தணி வழியாக அரக்கோணம் வரும் தடம் ஏற்கெனவே நெருக்கடியானது. அதன் கொள்ளளவைச் சேர்த்துக் கணக்கிடாமல் 88 கி.மீ. மட்டும் போட்டால், சரக்கு ரயில் நிற்கும் இடம் திருவொற்றியூரிலிருந்து திருத்தணிக்கு மாறும்.

சுற்றுப்பாதை நிலம் கேட்கும் என்பதையும் மழுப்பக் கூடாது. ஊத்துக்கோட்டைப் பக்கத்து நஞ்சை நிலமும் ஏரிப் பாசனமும் சில நூறு குடும்பங்களின் வாழ்வு மட்டுமன்று, ஒரு முழு வட்டாரத்தின் வாழ்வு. கிழக்கு மேற்காக ஓடும் உயரமான ரயில் கரை, மழைநீர் ஏரிக்குப் போகும் வழியை அடைத்துவிடும். நீர் போகப் போதிய சிறு பாலங்கள் இல்லாவிட்டால் ஒரு பக்கம் வெள்ளமும் மறுபக்கம் வறட்சியும் வரும். நகரவாசியின் தூக்கத்துக்காக விவசாயியின் நிலத்தைக் கேட்கிறோம் என்றால், சந்தை விலைக்கு மேல் இழப்பீடும், அந்த ஊர்களுக்குப் பயன்படும் பயணிகள் ரயிலும், நீர்வழிகளை அங்குள்ளவர்களே சுட்டிக்காட்டி வரைந்த திட்டப்படமும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது மிக எளியது. எந்த வாய்க்கால் எந்த மாதத்தில் ஓடும் என்று அங்கே ஏரிப் பாசனத்தைப் பார்த்துக்கொள்ளும் முதியவருக்குத் தெரிந்த அளவு எந்த வரைபடத்துக்கும் தெரியாது.

இவற்றையெல்லாம் எடைபோட்டு என் தேர்வை வெளிப்படையாகச் சொல்கிறேன். அத்திப்பட்டுக்கு வடக்கே கூடுதல் பாதைகள், உடனடியாக. அதோடு மீஞ்சூர்ப் பக்கத்துக் கேட்டுகளுக்கு மேம்பாலங்கள், பாதை வேலையோடு சேர்த்தே, பின்னால் அல்ல. அத்திப்பட்டுக்குத் தெற்கே புதிய பாதைக்காக வீடுகளை இடிக்காமல், நிலக்கரியையும் எரிபொருளையும் புத்தூர்ப் பாதைக்கு மாற்றும் திட்டத்துக்கு மீண்டும் உயிர் கொடுக்க வேண்டும். கொருக்குப்பேட்டைக் கிடங்குகளுக்கே வர வேண்டிய சரக்கு மட்டும் பழைய தடத்தில் வரட்டும். சுற்றுப்பாதை முடியப் பத்தாண்டு ஆகலாம். அந்தப் பத்தாண்டுக்கும் தண்டவாளத்தோரம் உள்ளவர்களைக் காத்திருக்கச் சொல்ல முடியாது என்பதால், நெரிசல் நேரத் தடை, யார்டிலேயே காத்திருத்தல், தட்டைச் சக்கர வேகன்களைக் கழற்றுதல், தார்ப்பாய் ஆகிய நான்கையும் இந்த ஆண்டே நடைமுறைக்குக் கொண்டுவரலாம். குடியிருப்புப் பகுதியில் எந்தச் சரக்கு ரயிலும் கேட்டின் குறுக்கே ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று ஒரு விதி வகுத்து, மீறிய நேரங்களை மாதந்தோறும் நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், மேலே சொன்ன ஒவ்வொரு வழியும் பலன் தருகிறதா என்பதைப் பயணிகளும் குடியிருப்பவர்களும் தாங்களே படித்துத் தெரிந்துகொள்வார்கள்.